ஒரு நிமிடத்தில் மருந்து தமனிச் சுவருக்குள் போய்விடுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே இடம் சுருங்கிவிட்டதால் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடிப்படி ஏறும்போது மறுபடியும் நெஞ்சு இறுகுகிறது. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் அதே இடத்தில் அடைப்பு. இந்த முறை ஸ்டென்ட் வேண்டாம், மருந்து பூசிய பலூனை ஒரு நிமிடம் விரித்துவிட்டு வெளியே எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ஓடுகிற இரத்தம் அந்த மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடாதா? ஒரு நிமிடத்தில் சுவருக்குள் எவ்வளவு மருந்து இறங்கிவிடும்? அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று அறிந்து அம்மா பயப்படுகிறார். பலூன் என்பது ஸ்டென்ட் வருவதற்கு முந்தைய பழைய முறை, அதற்குத் திரும்பிப் போகாதீர்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இதே பலூனை உடலின் வேறு பகுதிகளிலும் பயன்படுத்துகிறார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தந்தையாரின் ஆஞ்சியோ படத்தைப் பார்க்காத நான், செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுப்பியிருக்கும் ஐயங்கள் ஒவ்வொன்றும் இந்தச் சிகிச்சையின் மையத்தைத் தொடுபவை. அவற்றுக்கு விடை தெரிந்தால், அவருடைய மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

உறவினர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. இதயத் தமனியின் அடைப்பை பலூனால் விரிக்கும் சிகிச்சையை ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்ற மருத்துவர் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில் முதன்முதலாகச் செய்தார். அறுவை இல்லாமல் அடைப்பு திறந்தது பெரிய சாதனைதான். ஆனால் விரித்த இடம் சில மாதங்களில் மறுபடி சுருங்குவது அடுத்த பத்தாண்டுகளில் தெரியவந்தது, மூன்றில் ஒருவருக்காவது அப்படி நேர்ந்தது. விரிந்த சுவர் ரப்பரைப் போல உள்வாங்குவது ஒரு காரணம், காயம்பட்ட சுவரில் புதிய தசை வளர்வது இன்னொரு காரணம். 1986 முதல் மனிதர்களுக்கு வைக்கப்பட்ட ஸ்டென்ட் என்னும் உலோக வலை, சாரம் கட்டியது போல முட்டுக்கொடுத்து முதல் காரணத்தை ஒழித்தது. இரண்டாவதை அதனால் ஒழிக்க முடியவில்லை. வலையின் கண்களுக்கிடையே தசை வளர்ந்து உள்ளே புகுந்தது. அந்த வளர்ச்சியை அடக்கத்தான் 2000-க்குப் பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் பரவலாக வந்தது. இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு அதுவே முதல் தேர்வு. எனவே வெறும் பலூன் பழைய முறை என்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் மருத்துவர் சொல்லும் பலூன் அதுவல்ல. உருவம் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

அந்த வேலை எதை எதிர்த்துச் செய்யப்படுகிறது என்பதைப் பார்ப்போம். தமனிச் சுவரின் நடு அடுக்கில் மென்தசைச் செல்கள் இருக்கின்றன. சாதாரண நாட்களில் அவை பெருகுவதில்லை, சுருங்கி விரிந்து குழாயின் அளவைப் பேணுவதோடு சரி. பலூனோ ஸ்டென்டோ சுவரை அழுத்தி உட்படலத்தைக் கிழிக்கும்போது, அந்தக் காயத்தை ஆற்றும் முயற்சியாக இந்தச் செல்கள் பெருகவும் உள்நோக்கி நகரவும் தொடங்குகின்றன. தோலில் காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் அப்படித் தடித்தால் இரத்தம் போக வழி எங்கே? சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இந்த வளர்ச்சி மேலும் தீவிரமாக இருக்கிறது. செல்கள் பெருகத் தொடங்குவது காயம்பட்ட முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் மருந்து தேவையில்லை. சரியான இடத்தில், சரியான சில வாரங்களுக்கு இருந்தால் போதும். மாத்திரையாக விழுங்கினால் அந்த ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் இடத்தில் போதுமான அளவு சேர்வதற்கு உடல் முழுவதையும் மருந்தில் நனைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியே நேராகச் சுவருக்கே மருந்தைக் கொண்டுபோகும் எண்ணம் பிறந்தது.

இரத்தம் கழுவிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்களைத் தடுத்து நிறுத்தியதும் இதே கேள்விதான். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்வி வோலின்ஸ்கி என்பவர் நுண்துளைகள் இட்ட பலூனை உருவாக்கி, அதற்குள் மருந்துக் கரைசலை அழுத்தத்துடன் செலுத்திச் சுவருக்குள் பீச்சப் பார்த்தார். வேறு சிலர் அடைப்பின் இருபுறமும் இரண்டு பலூன்களை விரித்து, இடையில் அடைபட்ட இடத்தை மருந்தால் நிரப்பிப் பார்த்தார்கள். பீச்சிய தாரையே சுவரைக் காயப்படுத்தியது. தமனியை அடைத்து வைத்திருந்தால் இதயத்தசை தாங்காது என்பதால் நேரமும் போதவில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை மருந்திலேயே இருந்தது. அப்போது பயன்படுத்திய, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற பொருள்கள் நீரில் எளிதில் கரைபவை. சுவருக்குள் போனது உண்மைதான். ஆனால் பலூனைச் சுருக்கி இரத்த ஓட்டம் திரும்பியதும், வந்த வேகத்திலேயே கரைந்து வெளியேறிவிட்டது. உங்கள் ஐயம் அந்தக் காலத்துக்கு முழுவதும் பொருந்தும்.

திருப்பம் கருவியில் வரவில்லை, வேதியியலில் வந்தது. பேக்லிடாக்சல் என்ற பொருள் நீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. ஆகையால் இந்த மருந்து சவ்வைக் கண்டதும் அதற்குள் புகுந்துவிடுகிறது. உள்ளே போனதும், செல் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல் இழைகளோடு பிணைந்து அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. செல் பிரிய முடியாமல் நின்றுபோகிறது. ஆய்வகத்தில் வளர்த்த மென்தசைச் செல்கள் இந்த மருந்தோடு சில நிமிடங்கள் மட்டுமே தொடர்பு கொண்டிருந்தாலும் பல நாட்களுக்குப் பெருகுவதில்லை என்பது 1990-களிலேயே தெரிந்திருந்தது. இதய மருத்துவர் புருனோ ஷெல்லரும் மருந்தியலாளர் உல்ரிக் ஸ்பெக்கும் ஜெர்மனியில் வேறொன்றைக் கண்டார்கள். ஆஞ்சியோ எடுக்கும்போது குழாயைத் தெரியவைக்கச் செலுத்துகிறோமே, அந்தச் சாயத்தில் இந்த மருந்தைக் கலந்து சிறிது நேரம் செலுத்தினாலே விலங்குகளின் தமனியில் மறுவளர்ச்சி குறைந்தது. சாயத்தின் மூலக்கூறு மருந்தைத் தாங்கிச் சென்று சுவரிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சாயத்தையும் மருந்தையும் சேர்த்துப் பலூனின் மேற்பரப்பில் உலரப் பூசியதுதான் இன்றைய மருந்து பலூனின் தொடக்கம். இப்போது சாயத்துக்குப் பதிலாக யூரியா போன்ற வேறு தாங்குபொருள்களும் பயன்படுகின்றன. வெறும் மருந்தை மட்டும் பூசினால் அது பலூனோடு ஒட்டிக்கொண்டே திரும்பிவிடும். தாங்குபொருள்தான் அதை விடுவிக்கிறது. வெளியில் யாரும் பேசாத இந்தத் தாங்குபொருள்தான் ஒரு பலூனையும் இன்னொரு பலூனையும் வேறுபடுத்துகிறது என்பது என் கருத்து.

2006-இல் அவர்கள் வெளியிட்ட முதல் மனித ஆய்வில் 52 பேர்தான் இருந்தார்கள். அனைவருக்கும் ஸ்டென்டுக்குள் மறு அடைப்பு. பாதிப் பேருக்குச் சாதாரண பலூன், பாதிப் பேருக்கு மருந்து பலூன். ஆறு மாதம் கழித்து அளந்தபோது, சாதாரண பலூனால் விரித்த குழாயின் உள்விட்டம் சராசரியாக 0.74 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மருந்து பலூன் பயன்படுத்திய குழாயில் 0.03 மில்லிமீட்டர்தான் குறைந்திருந்தது. எண்ணிக்கை சிறிது, ஆனால் வேறுபாடு அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் எவராலும் அதைப் புறக்கணிக்க முடியவில்லை.

இனி அந்த ஒரு நிமிடத்துக்கு வருகிறேன். இரத்தம் மருந்தைக் கழுவுவது உண்மை, இன்றும் கழுவுகிறது. பலூன் மடிக்கப்பட்ட நிலையில் கையின் அல்லது தொடையின் தமனி வழியாக இதயத்தை அடையும்போதே பூச்சில் ஒரு பகுதி உதிர்ந்துவிடும். மடிப்புகளுக்குள் பெரும்பகுதி ஒளிந்திருப்பதால்தான் மீதி தப்புகிறது. அதனாலேயே இந்தப் பலூனை உறையிலிருந்து எடுத்தபின் பூச்சைக் கையால் தொடுவதில்லை, நனைப்பதில்லை. உள்ளே செலுத்தியபின் ஓரிரு நிமிடங்களுக்குள் உரிய இடத்தை அடைந்துவிட வேண்டும். அடைந்ததும் 30 முதல் 60 விநாடிகள் வரை விரித்து, சுவரோடு அழுந்த வைக்கிறோம். விரிந்த பலூனே இரத்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்திவிடுவதால், மருந்து கைமாறும் அந்த வேளையில் கழுவிச் செல்ல அங்கே ஓட்டம் இல்லை. அந்த ஒரு நிமிடம் உங்கள் தந்தையாருக்கு நெஞ்சு இறுகலாம். பலூனைச் சுருக்கியதும் அது விலகும். விலங்குகளில் அளந்து பார்த்தபோது, பூசிய மருந்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் சுவரில் சேர்ந்திருந்தது. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு நுண்படிகங்களாகச் சுவரில் பதிந்து, நீரில் கரையாத தன்மையாலேயே மெல்ல மெல்லக் கரைந்து, வாரக்கணக்கில் சுற்றியுள்ள திசுவுக்கு மருந்தை அளந்து கொடுக்கிறது. முன்பு சொன்ன ஹெப்பாரினால் முடியாதது இதுதான். பலூன் ஒரு நிமிடத்தில் வெளியேறிவிட்டாலும் மருந்து வெளியேறுவதில்லை.

ஆனால் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. மருந்து பலூன் அடைப்பைத் திறக்கும் கருவி அன்று. அடைப்பை முன்னதாகவே வேறு பலூன்களால் முழுமையாகத் திறந்து, இடத்தைத் தயார் செய்தபின் மருந்தை வைத்துவிட்டு வருவதற்காக மட்டுமே அது உள்ளே போகிறது. பண்படுத்தாத நிலத்தில் விதைத்தால் விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. இறுகிய அடைப்பில் மருந்து பலூன் முழுதாக விரியாது, விரியாத இடத்தில் அது சுவரைத் தொடாது, தொடாத இடத்தில் மருந்து இறங்காது. அதனால் உயர் அழுத்தம் தாங்கும் பலூனாலோ, மேற்பரப்பில் சிறு கத்தி விளிம்புகள் அல்லது கம்பிகள் கொண்ட பலூனாலோ முதலில் அடைப்பை உடைத்து, மீதமுள்ள சுருக்கம் 30 சதவீதத்துக்கு மேற்படாமலும், இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்படியான கிழிசல் இல்லாமலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மருந்து பலூனை எடுக்க வேண்டும். முதல் பலூன் அழுத்திய இடம் முழுவதையும் மருந்து பலூன் மூடுவதோடு, இரு ஓரங்களிலும் ஓரிரு மில்லிமீட்டர் தாண்டியும் இருக்க வேண்டும். காயம்பட்டும் மருந்து படாத ஓரமே அடுத்த அடைப்புக்கு வித்தாகிறது. மருந்து பலூன் பயனளிக்கவில்லை என்று என்னிடம் வந்த பலரின் படங்களை மறுபடி போட்டுப் பார்த்தபோது, குறை பெரும்பாலும் இந்த முன்வேலையில் இருந்ததைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் தந்தையாருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் அவருக்கு ஒரே இடம் இரண்டு முறை தோற்றிருக்கிறது. ஏன் தோற்றது என்பதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. தசை வளர்ந்து அடைத்ததா? அல்லது சுண்ணாம்பு படிந்து கல்லாகிப்போன சுவரில் முதல் ஸ்டென்டே முழுதாக விரியாமல் இடுங்கி நின்றதா? ஸ்டென்டின் கம்பி எங்காவது முறிந்திருக்கிறதா? தசை வளர்ச்சி என்றால் மருந்து அதற்கு விடை. ஸ்டென்ட் விரியாதது காரணம் என்றால், அங்கே எத்தனை மருந்தை வைத்தாலும் உலோகம் இடுங்கியபடிதான் இருக்கும். முதலில் அதை விரிக்க வேண்டும். சாதாரண ஆஞ்சியோ படத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாது. தமனிக்குள்ளேயே நுண்கருவியைச் செலுத்தி, ஒளி அல்லது மீயொலி கொண்டு சுவரின் குறுக்குவெட்டைப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பயன்படுத்துவீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலூனா ஸ்டென்டா என்பதைவிட முக்கியமான கேள்வி இது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பேக்லிடாக்சல் புற்றுநோய் மருந்துதான், மறைக்க ஒன்றுமில்லை. பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1971-இல் அதன் மூலக்கூறு அமைப்பு வெளியிடப்பட்டது. ஆனால் அளவைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் குறுக்களவும் 20 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட பலூனின் மேற்பரப்பு ஏறத்தாழ 190 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு மூன்று மைக்ரோகிராம் பூசினால் மொத்தம் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். புற்றுநோய்க்கு ஒரு தவணையில் நடுத்தர உடல்வாகு கொண்டவருக்கு 300 மில்லிகிராம் அளவில் கொடுக்கிறார்கள், அதையும் பலமுறை. ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அளவை ஒரே ஒருமுறை பெறும்போது முடி உதிர்தலோ இரத்த அணுக்கள் குறைதலோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. புற்றுநோய்க்கும் இந்த அடைப்புக்கும் பொதுவானது ஒன்றே: கட்டுக்கடங்காமல் செல்கள் பெருகுவது. இரண்டு இடத்திலும் ஒரே பூட்டுக்கு ஒரே சாவி.

இந்த மருந்தைப் பற்றி எழுந்த ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுவது நேர்மை. நீங்கள் தேடினால் எப்படியும் கண்ணில் படும். 2018 டிசம்பரில், கால் தமனிகளில் பேக்லிடாக்சல் பலூனும் ஸ்டென்டும் பயன்படுத்திய 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அறிக்கை, சில ஆண்டுகள் கழித்து இறப்பு விகிதம் கூடுதலாகத் தெரிவதாகச் சொன்னது. கால் பலூன்கள் பெரியவை, மருந்தும் பல மில்லிகிராம் இருக்கும். உலகம் முழுவதும் இந்தச் சிகிச்சை சில காலம் தயங்கி நின்றது. 2020-இல் சுவீடனில் 2,289 பேரைக் கொண்ட ஆய்வின் இடைக்கால முடிவில் அப்படியொரு வேறுபாடு காணப்படவில்லை. கூடுதல் தரவுகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறப்பு அபாயம் கூடுகிறது என்பதைத் தரவுகள் ஆதரிக்கவில்லை என்று 2023 ஜூலையில் தெரிவித்தது. இதயத் தமனிக்கு வைக்கும் அளவு அதிலும் சிறு பங்கு என்பதால், இந்தக் காரணத்துக்காக நீங்கள் தயங்கத் தேவையில்லை என்று கருதுகிறேன்.

சரி, ஸ்டென்டைவிட இது மேலானதா? எங்கும் அப்படி இல்லை என்பதே உண்மை. இதுவரை எதுவும் வைக்கப்படாத தமனிகளில் ஸ்டென்டுக்கு மாற்றாக இதை முதல் தேர்வாகக் கொள்ளலாமா என்று 2,272 பேரிடம் சீனாவில் ஆராய்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும் மருந்து பலூன் பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும் பாதகமான விளைவு நேர்ந்தது. அங்கே ஸ்டென்டே முன்னிற்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கும் மெல்லிய தமனிகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. மருந்து ஸ்டென்டுக்குள் வந்த மறு அடைப்பிலும் புதிய மருந்து ஸ்டென்டின் பக்கம்தான் சாய்வு இருக்கிறது. ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் 2024-இல் அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் உங்கள் மருத்துவர் ஏன் பலூன் என்கிறார்? அங்கே ஏற்கெனவே இரண்டு அடுக்கு உலோகம் இருப்பதால்தான் என்று ஊகிக்கிறேன். மூன்றாவது அடுக்கு வைத்தால் குழாயின் உள்விட்டம் மேலும் குறையும், பிறகு அதற்குள் எதையும் செய்வது கடினம், அங்கிருந்து பிரியும் கிளைத் தமனிகளின் வாயும் அடைபடலாம். அந்த நிலையில் எதையும் விட்டு வராத பலூன் பொருத்தமான யோசனை. ஸ்டென்டுக்குள் மறு அடைப்பு வந்த 600 பேரிடம் அமெரிக்காவில் நடந்த, 2024-இல் வெளியான ஆய்வில், சாதாரண பலூன் பெற்றவர்களில் 28.6 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் அந்த இடம் தொடர்பான பாதிப்பு வந்தது. மருந்து பலூன் பெற்றவர்களில் அது 17.9 சதவீதம். அடுக்கடுக்காக ஸ்டென்ட் வைத்திருந்தவர்கள் அந்த ஆய்வில் கணிசமாக இருந்தார்கள். மருந்து பலூன் பெற்றும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் தொல்லை திரும்பியிருக்கிறது என்பதையும் சேர்த்தே நீங்கள் படிக்க வேண்டும்.

அதனால்தான் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறேன்: பைபாஸ் அறுவை சிகிச்சையை எண்ணிப் பார்த்தீர்களா? சர்க்கரை நோயோடு பல தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு, மருந்து ஸ்டென்டைவிட பைபாஸே நீண்ட ஆயுளைத் தந்தது என்பதை 1,900 பேரைக் கொண்ட ஆய்வொன்று 2012-இல் காட்டியது. உங்கள் தந்தையாருக்கு அடைப்பு ஒரே இடத்தில்தான் என்றால் அந்த முடிவு அப்படியே பொருந்தாது; மற்ற தமனிகளிலும் நோய் இருந்தாலோ, அடைபட்டது இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியத் தமனியின் தொடக்கமாக இருந்தாலோ, இதய அறுவை மருத்துவரும் உடனிருந்து பேசுவது நல்லது. இப்படிக் கேட்டால் மருத்துவர் வருந்துவாரோ என்று தயங்காதீர்கள். மூன்றாவது முறையாக ஒரே இடத்துக்குப் போகும் எந்த மருத்துவரும் இதை ஏற்கெனவே எண்ணியிருப்பார்.

அவர் சிரோலிமஸ் பூசிய பலூனைக் குறிப்பிட்டால் குழம்பாதீர்கள். ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட மருந்து அது. செல்லைக் கொல்லாமல் பெருக்கத்தை மட்டும் நிறுத்துகிறது. பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி அதிகம், ஆனால் பேக்லிடாக்சலைப் போலச் சுவரில் விரைந்து புகுந்து தங்குவதில்லை என்பதால், கொழுப்பு நுண்துகள்களுக்குள் பொதிந்து பூசுகிறார்கள். அதற்குப் பின்னுள்ள சான்றுகள் பேக்லிடாக்சலுக்கு உள்ள அளவுக்கு நீண்டவை அல்ல. ஒரு பலூனில் கிடைத்த முடிவை வேறொரு பலூனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது என்பதால், எந்த மருந்து பூசியது என்று கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

உடலின் வேறு பகுதிகளைப் பற்றிக் கேட்டீர்கள். தொடைத் தமனியில் இது பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. டயாலிசிஸ் செய்பவர்களின் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்து உருவாக்கும் ஃபிஸ்டுலா என்னும் இணைப்பு அடிக்கடி சுருங்கும். 2020-இல் வெளியான 330 பேர் கொண்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் திறந்தே இருந்தவை மருந்து பலூனில் 82 சதவீதம், சாதாரண பலூனில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ். ஆண்களின் சிறுநீர் வடிகுழலில் தழும்பால் திரும்பத் திரும்ப வரும் சுருக்கத்துக்கும் பேக்லிடாக்சல் பலூன் வந்துவிட்டது. பலூன் விரியும்போது அதன் பக்கத்திலிருந்து ஒரு நுண்ணூசி வெளிப்பட்டு, குழாய்ச் சுவரைத் துளைத்து அதன் வெளியடுக்கில் மருந்தை ஊசியாகவே போடும் கதீட்டரும் உண்டு. வோலின்ஸ்கியின் பழைய எண்ணம் வேறு வடிவத்தில் திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம்.

இறுதியாக, சிகிச்சைக்குப் பின் வரும் நாட்களைப் பற்றி. புதிய உலோகம் எதுவும் வைக்கப்படாததால், நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைப் பொதுவாக ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிறுத்த முடிகிறது. மாரடைப்போடு வந்தவர்களுக்கு அது ஓராண்டு வரை நீளும். உங்கள் தந்தையாருக்கு உள்ளே இரண்டு அடுக்கு ஸ்டென்ட் இருப்பதால், அந்தக் கால அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும். பல் பிடுங்குவதற்காகவோ வேறு எதற்காகவோ நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. முன்வேலையின்போது பெரிய கிழிசல் ஏற்பட்டால் அவசரமாக ஒரு ஸ்டென்ட் வைக்க நேரிடலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் பற்றியும் பேசிவிடுங்கள். மறுசுருக்கம் வருவதென்றால் பெரும்பாலும் மூன்றாவது மாதத்துக்கும் ஒன்பதாவது மாதத்துக்கும் இடையில் தலைகாட்டும். அந்தக் காலத்தில் மாடிப்படி ஏறும்போது பழைய இறுக்கம் லேசாகத் திரும்பினாலும், வாயுத் தொல்லை என்று எண்ணித் தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அசைவில்லாமல் இருக்கும்போதே இறுக்கம் வந்து நீடித்தால், நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.